தையல் அக்காவுக்கும் எங்கள் தெருவுக்கும்

அன்புள்ள எங்கள் தெருவாருக்கும், என் பட்டறைக்கு வந்து போகும் அத்தனை பேருக்கும்,

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் காதுப் பரிசோதனைக்கு அந்தக் கதவடைத்த சின்ன அறைக்குள் இரண்டாம் முறையாக உட்கார்ந்தேன். ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கிவிட்டு வெளியே வந்தால், தாளில் கோடு மேலே ஏறியிருந்தது. முதல் முறை 4,000 ஹெர்ட்ஸ் என்ற கீச்சு ஒலியின் பக்கத்தில் கிணறு மாதிரி இறங்கியிருந்த இடம் இப்போது ஏறக்குறைய மட்டமாகிவிட்டது. வீடு திரும்பியதும் ஒரு மிருதங்கத்தை எடுத்து மடியில் வைத்து வலப்பக்கத்து வலந்தலையில் மீட்டிப் பார்த்தேன். ஒரே 'ச' கேட்டது. இரண்டு காதிலும் ஒரே 'ச'. சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தேர் நிலைக்கு வந்த இரவு என் காதருகே வேட்டு வெடித்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வேட்டு வைத்தது யார், எவ்வளவு பக்கத்தில் என்ற பேச்சை நான் மறுபடியும் எடுக்கப்போவதில்லை. ஆனால் அதற்குப் பிறகான பன்னிரண்டு நாள் எப்படிப் போனது என்பது வெளியில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

காது மந்தமாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தீர்கள். மந்தத்தை நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். சுருதிப்பெட்டியை வைத்தால் வலக்காதில் ஒரு 'ச', இடக்காதில் அதற்குச் சற்றுத் தள்ளி இன்னொரு 'ச' கேட்டது. கல்லாலும் கட்டையாலும் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்கு இது என்ன என்று யோசித்துப் பாருங்கள். கையில் வேலை இருக்கிறது, எது சரி என்று சொல்ல ஆள் இல்லை. ரேடியோவில் பாட்டு வந்தால் தெரிந்த ராகமே கோணலாகக் கேட்டது. அதனால் ரேடியோவையும் நிறுத்திவிட்டோம். நிறுத்தினால் உள்ளே 'கொய்ங்' என்ற இரைச்சல். பகலில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். இரவில், ஊர் அடங்க அடங்க, அது ஏறிக்கொண்டே போகும். மின்விசிறியின் சத்தமும் அதோடு கலந்துகொண்டு குழப்பியது. மூன்று இரவுகள் திண்ணையில் உட்கார்ந்தே விடிந்தது.

நான்காம் இரவு, பத்து மணி இருக்கும், சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓட ஆரம்பித்தது. அடுத்த வீட்டுத் தையல் அக்காவின் மிதி மிஷின். கட கட கட என்று சீரான ஓட்டம். நடுவில் 'டக்' என்று ஒரு தட்டு. வாரை இணைத்திருக்கும் கம்பி சக்கரத்தின் மேல் ஏறும் தட்டு அது. அந்த ஓசையில் சுருதி கிடையாது, கோணலாகக் கேட்க ஒன்றும் இல்லை. தாளம் மட்டும்தான். அந்த 'டக்'கைச் சமமாக வைத்து எண்ணிக்கொண்டே படுத்தேன். எப்போது தூங்கினேன் என்று தெரியாது. மறுநாளும் பத்து மணிக்கு அதே ஓட்டம். அதற்கு மறுநாளும். முகூர்த்த மாதம், ரவிக்கை வேலை நிறைய வந்திருக்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன், இத்தனை வேலைக்கு நடுவே கால் வீங்கிவிடப் போகிறது என்று சொல்ல. மிஷினில் ஒரு பழைய தலையணை உறை இருந்தது. எடுத்துப் பார்த்தேன். வரி வரியாக ஊசித் துளைகள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, உழுத வயல் மாதிரி. ஒரு துளையிலும் நூல் இல்லை. நூற்கண்டு மாட்டும் கம்பி காலியாக நின்றது.

என் மனைவி தண்ணீர் பிடிக்கும்போது பேச்சுவாக்கில் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள்: நிசப்தம்தான் அவருக்கு ஆகவில்லை, மெல்லிய சத்தம் ஏதாவது இருந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னாராம் என்று. அவ்வளவுதான். அக்கா யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. திண்ணையோரம் கிடந்த மிஷினை எங்கள் பொதுச்சுவருக்கு நகர்த்திப் போட்டிருக்கிறார். பகல் முழுவதும் தைத்துவிட்டு, இரவில் ஒன்றரை மணி நேரம் வெறுமனே மிதித்திருக்கிறார். நான் ஒன்றும் பேச முடியாமல் நின்றேன். அவர்தான் பேசினார்: "நூல் போட்டால் வீண்தானே தம்பி. துணி வைக்காமல் ஓட்டினால் துணியை நகர்த்தும் பல் தேய்ந்துவிடும், அதனால் இந்த உறையை வைத்தேன்."

இதற்கு என்ன நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை அக்கா.

மற்றவர்களையும் நான் மறக்கவில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற என்னை விடாமல், விடியும் முன்பே வண்டியில் ஏற்றிய ஆட்டோக்காரத் தம்பி. மருந்துச் சீட்டின் பின்பக்கம் உள்காதின் நத்தைக்கூட்டை வரைந்து, அதற்குள் இருக்கும் பதினைந்தாயிரம் சொச்சம் நுண்ணிய மயிர்ச் செல்கள் சோர்ந்தால் எழும், செத்தால் மனிதருக்குத் திரும்ப முளைக்காது என்று பொறுமையாக விளக்கிய டாக்டர். இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருந்தும், தன் வேலையைப் போட்டுவிட்டு வந்து, கச்சேரிக்குப் போக வேண்டிய ஐந்து மிருதங்கங்களுக்குச் சுருதி சேர்த்துக் கொடுத்துக் கூலி வாங்க மறுத்த அண்ணன். "மெதுவாகக் கொடுங்கள்" என்று காத்திருந்த வித்வான்கள். என் வாசலைத் தாண்டும்வரை ஹாரன் அடிக்காத பால்காரர். எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்குக் காது திரும்பிவிட்டது. எல்லோருக்கும் திரும்புவதில்லை என்பதை அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கண்ணால் பார்த்தேன். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலுக்கு மேல் போகும் பட்டாசு கூடாது என்று சட்டம் சொல்கிறது. நம் தேர் முட்டியில் அந்த 4 மீட்டருக்குள்தான் நம் குழந்தைகள் நிற்கிறார்கள். அடுத்த ஆண்டு தேருக்கு முன் நானே கயிறு கட்டி நிற்பேன். வருத்தப்படுபவர்கள் வருத்தப்படட்டும். பஞ்சு வைத்தால் போதாது, நல்ல காதடைப்பான்கள் வாங்கி வைப்பேன். குழந்தைகளுக்கும், தேருக்கு முன்னால் மணிக்கணக்கில் வாசிக்கும் தவில், நாகசுரக் கலைஞர்களுக்கும் நானே கையில் கொடுப்பேன். காது அடைத்த மாதிரி இருந்தாலோ இரைந்தாலோ, தானாகச் சரியாகும் என்று வீட்டில் இருக்காதீர்கள். அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

அக்கா, உங்கள் மிஷினின் வார் இரண்டு இடத்தில் வெடித்திருக்கிறது. தோல் வேலை எனக்குத் தெரிந்த வேலை. மிருதங்கத்துக்கு வைத்திருந்த எருமைத் தோலில் புதிதாக ஒன்று அறுத்து, உருட்டி, எண்ணெய் தடவிக் காயப்போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டித் தருகிறேன். இணைப்பை வழவழப்பாக முடித்துவிடுவேன், அந்த 'டக்' இனிமேல் கேட்காது. அதுவரை இரவு பத்து மணிக்கு மேல் மிஷினில் உட்காராதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் அடுத்த வீட்டு மிருதங்கக்காரத் தம்பி