கெமிஸ்ட்ரியும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படிப்ப பத்தியும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததுல இருந்து உங்க பேப்பர்ல வர்ற மேற்படிப்பு கட்டுரைங்கள ஒண்ணு விடாம படிச்சிட்டு வரேன். பிரயோஜனமா தான் இருக்கு, ஆனா கம்ப்யூட்டர் படிச்சா ஐடி கம்பெனி, கெமிஸ்ட்ரி படிச்சா வாத்தியார் வேலை இல்லன்னா ஃபேக்டரி லேப், இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்லாத மாதிரி எழுதறாங்க. நடுவுல கம்ப்யூட்டேஷனல் கெமிஸ்ட்ரினு ஒரு பெரிய துறையே இருக்கு சார். நான் வாணியம்பாடி பக்கத்துல பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி எடுக்கறேன், எங்க பிள்ளைங்க இந்த பேர கேள்விப்பட்டதே இல்ல, பெத்தவங்கள பத்தி சொல்லவே வேணாம்.

இதுல என்ன பண்றாங்கன்னு கேட்டா, ஒரு மூலக்கூறு எப்படி இருக்கும், எதோட சேரும், எவ்ளோ பலமா சேரும்னு குடுவைல கலக்கிப் பாக்கறதுக்கு முன்னாடியே கணக்கு போட்டுப் பாக்கறாங்க. மருந்து கண்டுபிடிக்க, பேட்டரிக்கு புது பொருள் தேட, வினையூக்கி டிசைன் பண்ண எல்லாத்துக்கும் இது வேணும். அதுக்காக லேப் வேண்டாம்னு ஆயிடாது. ஆயிரம் பொருள்ல எந்த பத்த முதல்ல செஞ்சு பாக்கலாம்னு கம்ப்யூட்டர் சொல்லும், அது சரியான்னு லேப்ல தான் முடிவு பண்ணணும்.

இதுக்கு வேண்டிய அடிப்படை எல்லாம் நம்ம பாடப் புத்தகத்துலயே இருக்கறது தான் எனக்கு ஆதங்கம். கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்த பையனுக்கு கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கம்ப்யூட்டர் நாலும் இருக்கு. பிளஸ் ஒன் கெமிஸ்ட்ரில ரெண்டாவது பாடத்துலயே, அணுவுல எலக்ட்ரான் எப்படி இருக்கும்னு சொல்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடு வருது, பிளஸ் டூ கம்ப்யூட்டர்ல பைத்தான்ன்ற புரோகிராமிங் மொழி வருது. ஷ்ரோடிங்கர் 1926ல எழுதின அந்த சமன்பாட்ட கம்ப்யூட்டர வச்சு தோராயமா தீக்கறது தான் இந்த துறைல பாதி வேலை, ஆனா ரெண்டு புத்தகத்தையும் பக்கத்துல வச்சு இது அதுக்கு உதவும்டான்னு சொல்ல ஆள் இல்ல.

ஒரு சின்ன உதாரணம் சொல்றேன். சை4னு (Psi4) மூலக்கூறு கணக்கு போடற ஒரு சாஃப்ட்வேர், பைத்தான்லயே ஓடும், காசு கிடையாது. அதுக்கு தண்ணி மூலக்கூற குடுக்கணும்னா ஒரு ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன், ஒவ்வொண்ணும் எங்க இருக்குன்னு மூணு மூணு நம்பர், அவ்ளோ தான், மொத்தம் மூணு வரி. வேணும்னே ரெண்டு ஹைட்ரஜனுக்கும் நடுவுல இருக்கற கோணத்த 90 டிகிரின்னு தப்பா குடுத்துட்டு ஓட விட்டா அணுவ கொஞ்சம் கொஞ்சமா நகத்தி, ஆற்றல் எங்க குறைவா இருக்கோ அங்க போய் நிக்கும். புத்தகத்துல கோணம் 104.5னு மனப்பாடம் பண்ணியிருப்பாங்க. சாதாரண லேப்டாப்ல ரொம்ப எளிமையான முறைல ஓட்டினா 100 கிட்ட வரும், அதே முறைல இன்னும் கொஞ்சம் விரிவான அடிப்படைச் சார்புகள, அதாவது எலக்ட்ரான் எப்படி பரவியிருக்குன்னு எழுத உதவற கணக்குச் சூத்திரங்கள, குடுத்தா 105.5 கிட்ட வரும். மிஸ் ஏன் மிஸ் ரெண்டும் வேற வேறயா வருதுன்னு ஒரு பொண்ணு கேட்டா பாருங்க, அந்த கேள்விக்கு பதில் தேடிப் போனவங்க தான் நோபலே வாங்கியிருக்காங்க. 1998ல வால்டர் கோன், ஜான் போப்பிள் ரெண்டு பேருக்கும் இந்த கணக்கு முறைகளுக்காக தான் கொடுத்தாங்க. 2013ல கார்ப்ளஸ், லெவிட், வார்ஷெல் மூணு பேருக்கு பெரிய மூலக்கூறுகள கம்ப்யூட்டர்ல ஆராய வழி செஞ்சதுக்கு. 2024ல டேவிட் பேக்கருக்கு புது புரதங்கள டிசைன் பண்ணதுக்கு, டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ரெண்டு பேருக்கும் ஆல்ஃபாஃபோல்ட்ன்ற ஏஐ புரோகிராம் மூலமா புரதத்தோட வடிவத்த கணிச்சதுக்கு.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்க சமாச்சாரம்னு நினைக்க வேணாம். சென்னைப் பல்கலைக்கழகத்துல ஜி.என்.ராமச்சந்திரன்னு ஒரு விஞ்ஞானி இருந்தாரு. 1954ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து தோல்லயும் தசைநார்லயும் இருக்கற கொலாஜன்ன்ற புரதத்துக்கு மூணு இழை முறுக்கின வடிவம்னு சொன்னாரு, அந்த ஆராய்ச்சிக்கு கங்காரு வால் தசைநார் கொடுத்தது அடையாறுல இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். மூணு இழைக்கும் நடுவுல இடமே இல்ல, அதனால தான் ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் இருக்கறதுலயே சின்ன அமினோ அமிலமான கிளைசின் வருதுன்னு அந்த வடிவத்த வச்சே புரிஞ்சுக்கலாம். அப்புறம் 1963ல ராமகிருஷ்ணன், சசிசேகரன் கூட சேர்ந்து, புரதச் சங்கிலி எந்தெந்த கோணத்துல திரும்பினா அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு இடிக்காதுன்னு கணக்கு போட்டு ஒரு வரைபடம் கொடுத்தாங்க, இன்னைக்கு மாதிரி கம்ப்யூட்டர் எதுவும் இல்லாத காலத்துல. இன்னைக்கும் உலகத்துல யார் புது புரத வடிவம் வெளியிட்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்துல வச்சு சரி பாத்துட்டு தான் ஏத்துக்கறாங்க. கிண்டியில உக்காந்து போட்ட கணக்கு சார் அது.

எங்க ஊருக்கு இந்த கதை இன்னும் நெருக்கம். தோல்னாலே கொலாஜன் தான். டேனரில (தோல் பதனிடற ஃபேக்டரி) ட்ரம்முல குரோம் உப்பு போட்டு சுத்தினா பச்சைத் தோல் வெளிர் நீலமா வெளிய வரும், வெட் ப்ளூன்னு சொல்லுவோம், குரோம் அணு போய் கொலாஜன்ல இருக்கற அமிலத் தொகுதிகள புடிச்சு இழைங்கள ஒண்ணோட ஒண்ணு கட்டிப் போட்டுடுது, அதனால தோல் அழுகறதில்ல, சூட்டுல சுருங்கறதும் குறையுது. ஆனா போட்ட குரோம் எல்லாத்தையும் தோல் எடுத்துக்காது, மிச்சம் கழிவுத் தண்ணில போகுது. பாலாறு என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1996லயே தீர்ப்பு வந்த விஷயம். குரோமுக்கு பதிலா வேற எந்த உலோகம் இல்ல எந்த தாவரப் பொருள் கொலாஜன்ல எந்த இடத்துல எவ்ளோ இறுக்கமா உக்காரும்? ஆவாரம்பட்டைலயும் கடுக்காய்லயும் நம்ம தாத்தா காலத்துல பதனிட்டாங்களே, அதுல இருக்கற டானின்ன்ற துவர்ப்புப் பொருள் கொலாஜன எப்படி புடிக்குது? இத கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்கற வேலை தான் இது. அப்பா டேனரில வேலை பாக்கற பிள்ளை இந்த கேள்விய எடுத்தா அவனுக்கு இருக்கற அக்கறை வேற யாருக்கும் வராதுன்னு நான் நிச்சயமா நம்பறேன்.

வழி என்னன்னு கேப்பாங்க. பிளஸ் டூ முடிச்சதும் ஐசர்னு (IISER) மத்திய அரசோட அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்ல அஞ்சு வருஷப் படிப்பு இருக்கு, அதுக்கு தனி நுழைவுத் தேர்வு, எங்க பக்கத்துக்கு திருப்பதிலயே ஐசர் இருக்கு. இல்லன்னா உள்ளூர் காலேஜ்லயே பி.எஸ்சி கெமிஸ்ட்ரி சேர்ந்து, துணைப்பாடமா வர்ற கணக்கையும் பிசிக்ஸையும் கடமைக்கு படிக்காம ஒழுங்கா படிச்சு, மூணாவது வருஷம் ஜாம்னு (JAM) ஒரு நுழைவுத் தேர்வு எழுதினா ஐஐடில எம்.எஸ்சிக்கோ பெங்களூர் ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் கழகம்) ஒருங்கிணைந்த பி.எச்டிக்கோ முயற்சி பண்ணலாம். அப்புறம் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுல ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சியாளர்) தகுதி வாங்கினா ஆராய்ச்சி பண்ணும்போதே மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை, பிறகு 42,000. நீண்ட பாதை தான், மறைக்க மாட்டேன், பி.எச்டி வரைக்கும் போனா கூடப் படிச்சவங்க சம்பளம் வாங்க ஆரம்பிச்சு ரொம்ப வருஷம் ஆயிருக்கும். வீட்டுல கஷ்டம் இருக்கற பிள்ளைக்கு இத முதல்லயே சொல்லணும், ஆனா பெங்களூர், ஹைதராபாத்ல மருந்து ஆராய்ச்சி கம்பெனிங்கள்ல எம்.எஸ்சியோட நல்லா புரோகிராமிங் தெரிஞ்சவங்களுக்கும் இடம் உண்டுன்னு அதையும் சேர்த்து சொல்லணும்.

இன்னொண்ணு. இப்ப சில காலேஜ்ல புராஜெக்ட்னு சொல்லி ஏதோ ஒரு மூலிகைப் பொருள எடுத்து டாக்கிங் சாஃப்ட்வேர்ல, அதாவது ஒரு பொருள் புரதத்துல எப்படி பொருந்தும்னு கணக்கு போடற சாஃப்ட்வேர்ல போட்டு, கலர் படத்த பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணிக் கொடுத்துடறாங்க, அதுல வர்ற நம்பர் எதுல இருந்து வந்துச்சுன்னு கேட்டா பிள்ளைக்கு தெரியல. அது பிள்ளைங்க தப்பில்ல, சொல்லிக் கொடுக்கல. அந்த தண்ணி கணக்க ஒரு மாசம் நிதானமா பண்ண வச்சாலே இத விட நல்லா கத்துக்குவாங்க. பெரிய செலவும் இல்ல, காலேஜ்ல இருக்கற கம்ப்யூட்டர் லேப்ப சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கெமிஸ்ட்ரி பிள்ளைங்களுக்கு திறந்து விட்டா போதும், ஐஐடிகாரங்க ஆன்லைன்ல நடத்தற என்பிடெல்ல (NPTEL) பாடம் இலவசமா கிடைக்குது. பெரிய கணக்குக்கு திருச்சி என்ஐடில 2022ல வந்த பரம் பொருள்ன்ற சூப்பர் கம்ப்யூட்டர் மாதிரி நம்ம மாநிலத்துக்குள்ளயே வசதி வந்தாச்சு.

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஐஐடி மெட்ராஸ், தோல் ஆராய்ச்சி நிறுவனம், ஐஐஎஸ்சி மாதிரி இடங்கள்ல இந்த துறைல இருக்கற ஆராய்ச்சி மாணவர்கள, முக்கியமா தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவங்கள பேட்டி எடுத்து, காலைல வந்து உக்காந்ததுல இருந்து சாயங்காலம் வரைக்கும் என்ன வேலை பண்றாங்க, எப்படி அங்க போய் சேர்ந்தாங்க, எவ்ளோ செலவாச்சுன்னு விவரமா ஒரு முழுப்பக்கம் போடுங்க. காலேஜ் அட்மிஷன் முடியறதுக்குள்ள போட்டீங்கன்னா இந்த வருஷ பிள்ளைங்களுக்கே உதவும், நான் பேப்பர வெட்டி ஸ்கூல் நோட்டீஸ் போர்டுல ஒட்டிடறேன்.

இப்படிக்கு,
ஒரு வேதியியல் ஆசிரியை,
வாணியம்பாடி, திருப்பத்தூர் மாவட்டம்