குலுங்கினால் கத்துவதெல்லாம் பூகம்பக் கருவியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எந்தப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனாலும் ஒரு மேஜையில் 'நிலநடுக்க எச்சரிக்கைக் கருவி' இருக்கும். அர்டுயினோ போர்டு (நாம் எழுதும் புரோகிராமை ஓட்டும் சின்ன மின்னணுப் பலகை), அதிர்வு சென்சார், ஒரு பஸ்ஸர். மேஜையைத் தட்டினால் கத்தும், நாமும் கைதட்டிவிட்டு நகர்வோம். என் மகளும் அதையே செய்யப்போவதாகச் சொல்லி சென்சாரை வாங்கி வந்தாள். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அவள் வாங்கியது எஸ்டபிள்யூ-420. உள்ளே இருப்பது ஒரு சின்ன ஸ்பிரிங் சுவிட்ச், அவ்வளவுதான். சும்மா இருக்கையில் மூடியிருக்கும், ஆடினால் விட்டுவிட்டுத் திறக்கும், கூடவே இருக்கும் எல்எம்393 சிப் அதைப் பார்த்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று மட்டும் சொல்லும். எவ்வளவு ஆடியது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

ஒயர் மாட்டுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. சென்சாரின் விசிசி (மின்சாரம் வாங்கும் முனை) போர்டின் 5 வோல்ட்டுக்கு, கிரவுண்ட் கிரவுண்டுக்கு, டிஓ (பதில் சொல்லும் முனை) 2ஆம் பின்னுக்கு. படுத்தி எடுத்தது புரோகிராம்தான். திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்குள் டிலே 1000, அதாவது 'ஆயிரம் மில்லிவிநாடி காத்திரு' என்று போட்டிருந்தாள், அந்த ஒரு விநாடி போர்டு கண்ணை மூடிக்கொண்டிருக்க, ஓங்கித் தட்டினாலும் பல நேரம் சத்தமே வரவில்லை, சென்சார்தான் பழுது என்று கடைக்கே கிளம்பிவிட்டோம். அர்டுயினோ ஊனோ போர்டில் 2, 3 பின்களுக்கு இன்டரப்ட் வசதி உண்டு, அதாவது போர்டு எந்த வேலையில் இருந்தாலும் இடைமறித்துச் சொல்லும். அதைப் பயன்படுத்தியதும் ஒரு தட்டும் தப்பவில்லை. அப்புறம் வேறு தலைவலி: ஸ்பிரிங் ஆடி அடங்குவதற்குள் ஒரே தட்டைப் பத்துத் தட்டாக எண்ணியது. ஒன்றை எண்ணியபின் 200 மில்லிவிநாடிக்கு வருவதைக் கண்டுகொள்ளாதே என்று எழுதிச் சரிசெய்தோம்.

சரி, இது பூகம்பத்தைச் சொல்லுமா? தெருவில் லாரி போனாலே கத்துகிறது. ஜப்பானில் 2007 முதல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை தருகிறார்கள் என்றால், நாடு முழுக்க நிலநடுக்கமானிகளைப் பதித்து, வேகமாக முந்தி வரும் பி அலையைப் பிடித்து, பலமான எஸ் அலை வந்து சேர்வதற்குள் சொல்லிவிடுகிறார்கள். ஒரு மேஜையில் ஒரு ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு அது முடியாது. அதிர்வின் அளவு வேண்டுமென்றால் ஏடிஎக்ஸ்எல்345 மாதிரி முடுக்கமானியாவது வாங்க வேண்டும். மாணவர்களுக்கான உங்கள் பக்கத்தில் இதை ஒருமுறை விளக்கி எழுதுங்களேன்.

மகள் சென்சாரை வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் ஒட்டிப் பார்த்துவிட்டு, அட்டையில் 'மோட்டார் ஓடுகிறதா என்று சொல்லும் கருவி' என எழுதி வைத்தாள். பரிசு பக்கத்து மேஜை பூகம்பக் கருவிக்குப் போனது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்