தோற்ற நாளின் சட்டை

அன்புள்ள மாமா,

அத்தை சுகமா? ஜொகூரில் மழை எப்படி? சுங்கை சிப்புட்டில் உங்கள் பட்டறை இப்போது டயர் கடை. வாசலில் நின்ற மாமரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

2004 ஜூனில் நீங்கள் சிரித்துக்கொண்டே என்னிடம் வாங்கிய சத்தியத்தை இன்றுவரை நான் மீறவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்போது எனக்கு மதியப் பள்ளி. காலையில் லயத்திலிருந்து சைக்கிளில் நேரே பட்டறைக்கு வந்துவிடுவேன். தோட்டத்துப் பையன்களுக்குப் பந்து என்றால் திடலில் உதைப்பதுதான். கூடைப்பந்து சீனப் பள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் நடக்கிற ஆட்டம். நீங்கள் மட்டும் ஆஸ்ட்ரோ தொலைக்காட்சியில் அமெரிக்கக் கூடைப்பந்து அணி டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் ஆட்டம் பார்ப்பீர்கள். "பேர்லயே பிஸ்டன் இருக்கு, நம்ம ஆளுங்கடா" என்பீர்கள். பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன்: அந்த அணியைத் தொடங்கிய பிரெட் சோல்னர் போர்ட் வெய்ன் நகரில் பிஸ்டன் தொழிற்சாலை நடத்தியவராம். 1957இல்தான் அணி டெட்ராய்ட்டுக்குப் போனது. நீங்கள் பேரை வைத்துச் சொன்னது சரியாகவே இருந்தது, மாமா.

இறுதிச் சுற்றில் லேக்கர்ஸ் அணிக்கு எதிரான அந்த ஐந்தாவது ஆட்டம்! ஷாக், கோபி என்ற பெரிய நட்சத்திரங்கள் இருக்கிற அணியை 100-87 என்று சாய்த்து, 4-1 என்று கோப்பையைத் தூக்கினோம். நம் பென் வாலஸ் 22 ரீபவுண்ட் எடுத்தார், கூடையில் விழாமல் திரும்பிய பந்தை 22 முறை பிடித்தார். "புது ஆளுங்கள எடுக்கிற டிராப்ட்ல எந்த டீமும் எடுக்காத ஆளுடா இவன்" என்று கிரீஸ் கையோடு என் தோளைப் பிடித்து உலுக்கினீர்கள். பள்ளிச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது. அம்மா திட்டினார்.

அன்றைக்குத்தான் செம்பனைக் குலை ஏற்றும் லோரியிலிருந்து கழற்றிய, மண்டையில் கரி படிந்த பிஸ்டனை என் கையில் வைத்துச் சத்தியம் வாங்கினீர்கள். "ஜெயிச்ச அன்னிக்கு எவனும் சட்டை போடுவான். நீ நம்ம டீம் தோத்த அன்னிக்குச் சாயங்காலம் போட்டுக்கிட்டு ஒட்டுக்கடைக்கு வரணும்." பாசார் மாலாம் இரவுச் சந்தையில் பென் வாலஸின் 3ஆம் எண் போட்ட நீலச் சட்டையும் வாங்கிக் கொடுத்தீர்கள். பெரிய அளவு, வளர்ந்த பிறகும் போடலாம் என்று.

2008க்குப் பிறகு நம் அணி இறங்கிப் போனது. நீங்களும் பட்டறையை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். தொலைபேசியில் ஒருமுறை "இன்னுமா பாக்கிற?" என்று கேட்டீர்கள். அது எனக்கு வலித்தது, மாமா.

2023இன் கடைசி இரண்டு மாதங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தொடர்ந்து 28 தோல்வி. மழைக்காலம் வேறு. இரவில் துவைத்து, குளிர்பெட்டிக்குப் பின்னால் காயப்போட்டு, ஈரம் போகாமலே போட்டுக்கொண்டு போவேன். 3ஆம் எண்ணின் வால் உரிந்துவிட்டது. மனைவி நீல நூலால் தைத்துக் கொடுத்தாள். ஒட்டுக்கடை அக்கா என்னைத் தூரத்தில் கண்டதுமே தேத்தண்ணியில் சீனி கூடப் போட ஆரம்பித்தார்.

டிசம்பர் 31, ஞாயிறு காலை. டொரோண்டோவை 129-127 என்று வென்றோம். நம் ஆட்டக்காரர் கேட் கன்னிங்ஹாம் 30 புள்ளி. அன்று சாயங்காலம் வெள்ளைச் சட்டையில் போனேன். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். "ஜெயிச்சாச்சா தம்பி!" என்று அவர் கத்திய கத்தலில் கடையே திரும்பிப் பார்த்தது. கூடைப்பந்தே தெரியாதவர்கள்கூட எனக்குக் கை கொடுத்தார்கள்.

அந்தப் பருவம் 14 வெற்றி, 68 தோல்வி என்று முடிந்தது. அடுத்ததில் 44 வெற்றி! 2025 ஏப்ரல் 22 காலை நியூயார்க்கில் நிக்ஸ் அணியை 100-94 என்று வீழ்த்தினோம். பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே ஆப்பில் 2008க்குப் பிறகு நம் முதல் வெற்றி. பிறகு ஆறாவது ஆட்டத்தில் 3 புள்ளி வித்தியாசத்தில் தோற்று வெளியேறினோம். சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

இந்த 2025இல் தீபாவளி அக்டோபர் 20. அதே வாரத்தில் புதுப் பருவமும் தொடங்குகிறது. வீட்டுக்கு வாருங்கள், இரண்டு நாள் கூடத் தங்குங்கள். பிஸ்டன் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கரியைத் துடைக்கவில்லை. காலையில் ரொட்டி சானாய் வாங்கி வைக்கிறேன், பசியாறிக்கொண்டே பார்ப்போம். தோற்றால் சாயங்காலம் சட்டை உங்களுக்கு.

அன்புடன்,
உங்கள் மருமகன்