உன் பட்டியலில் இல்லாத ஒயின்கள்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. ஆயுசுக்குள் ஒருமுறையாவது ருசித்துவிட வேண்டும் என்று பத்து ஒயின்களைப் பட்டியல் போட்டு, "இதில் நீங்கள் எதையெல்லாம் ருசித்திருக்கிறீர்கள் அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். இரண்டே இரண்டுதான். நிலவறையில் அத்தனை வருஷம் வேலை பார்த்தும் மற்ற எட்டும் என் கைக்கு வரவில்லை. வந்த இரண்டும் வேறு யாருக்காகவோ திறந்த பாட்டில்கள். அடியில் மிஞ்சிய ஒரு வாய், அவ்வளவுதான் எனக்கு.

பட்டியலைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நான் நேசித்த தொழிலை நீயும் நேசிக்கிறாய் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பத்தில் ஏழு, ஏலத்தால் பேர் வாங்கியவை. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் செய்யும் ரொமானே-கோன்டி, அதன் 1945ஆம் வருஷ ஒயினையே எடுத்துக்கொள். தோட்டம் 2 ஹெக்டேர்கூடக் கிடையாது. அந்த வருஷம் தேறியது சுமார் 600 பாட்டில். அறுவடை முடிந்ததும் கிழட்டுக் கொடிகளைப் பிடுங்கிப் புதிதாக நட்டார்கள். அடுத்த ஒயின் 1952இல்தான் வந்தது. அதன்மேல் ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் பேருக்காக ஆசைப்படும் இடத்தில்தான் போலியும் நுழைகிறது. 2008இல் நியூயார்க்கில் ஓர் ஏலத்துக்கு, பர்கண்டியின் போன்சோ பண்ணையில் செய்த 'க்ளோ சான்-தெனி' என்று 1945ஆம் வருஷப் பாட்டில்கள் வந்தன. அந்தப் பண்ணை அந்த ஒயினைச் செய்ய ஆரம்பித்ததே 1980களில்! பண்ணையை நடத்திவந்த லோரான் போன்சோ தலையிட்ட பிறகுதான் அவை விற்பனையிலிருந்து விலக்கப்பட்டன. அவர் விழித்திருக்கவில்லை என்றால் யாரோ ஒருவர் அதைக் கண்மூடி ரசித்துக் குடித்திருப்பார்.

பால்டிக் கடலுக்கு அடியில் கிடைத்த ஷாம்பெயின் உன் பட்டியலில் ஐந்தாவதாக இருக்கிறது. அது எனக்கும் பிடித்த கதை. 2010இல் ஓலாண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில், மூழ்கிய கப்பல் ஒன்றிலிருந்து 168 பாட்டில்களை எடுத்தார்கள். சுமார் 170 வருஷம் இருட்டிலும் குளிரிலும் படுத்துக் கிடந்தவை. சோதித்துப் பார்த்தால் லிட்டருக்கு 150 கிராம் அளவுக்குச் சர்க்கரை. இன்றைக்கு நாம் பரிமாறும் 'ப்ரூட்' என்ற இனிப்புக் குறைந்த ஷாம்பெயினில் 12 கிராமுக்கும் குறைவு. ருசித்தவர்களுக்கு முதலில் மாட்டுத் தொழுவ வாடை அடித்ததாம். கோப்பையைச் சுழற்றச் சுழற்ற அது விலகி, புகையும் தோலும் கலந்த மணம் வந்ததாம். அதை நீ குடிக்கப்போவதில்லை, நானும் குடிக்கப்போவதில்லை. பட்டியலில் இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது, உன் பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு வருகிறேன். பிரான்சின் ஜூரா மலைப்பகுதியில் செய்யும் வான் ஜோன், அதாவது மஞ்சள் ஒயின். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பாட்டில் திறந்தார்கள். முகர்ந்து பார்த்தேன், கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன், தொட்டியில் கொட்டிவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அது எத்தனை வருஷ உழைப்பு என்று அப்புறம் தெரிந்தபோது எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

பீப்பாயில் இருக்கும் ஒயின் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும் என்பது உனக்குத் தெரியும். குறைந்த அளவை அவ்வப்போது நிரப்பிவிடுவதுதான் எங்கும் வழக்கம். காற்றுப் பட்டால் புளித்துவிடும். ஜூராக்காரர்கள் வேண்டுமென்றே நிரப்பாமல் விடுகிறார்கள். சாவன்யான் திராட்சையின் ஒயின்மேல், பாலில் ஏடு கட்டுவதுபோல, ஈஸ்ட் மெல்லிய படலமாகப் படர்கிறது. அந்த ஏடுதான் காவல். அறுவடையிலிருந்து சுமார் ஆறு வருஷம் மூன்று மாதம் ஒயின் பீப்பாயில் கிடக்க வேண்டும், யாரும் நிரப்பக் கூடாது. எல்லாப் பீப்பாயும் தேறுவதில்லை. சிலது வினிகராகப் போகும். ஷாத்தோ-ஷலோன் என்ற ஊர்க்காரர்கள் இன்னும் கறார். திராட்சை சரியில்லை என்று 1974, 1980, 1984, 2001 ஆகிய வருஷங்களில் ஊர்ப் பெயரில் ஒரு பாட்டில்கூட வெளியிடவில்லை.

அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார். குட்டையாக, தோள் அகன்று இருக்கும். 'கிளாவ்லான்' என்பார்கள். கொள்ளளவு 620 மில்லி. ஒரு லிட்டர் ஒயின் அத்தனை வருஷம் காத்திருந்தால் மிஞ்சுவது அவ்வளவுதான் என்பார்கள். அப்புறம் வாசனை. நான் கெட்டுப்போனது என்று நினைத்த அந்த வாசனைக்குப் பெரிய காரணம் சோட்டோலோன் என்ற சேர்மம். வெந்தயத்துக்கு அதன் மணத்தைக் கொடுப்பதும் அதேதான். வறுத்த வாதுமை, வெந்தயம், பச்சை ஆப்பிள், கடைசியில் நாக்கின் ஓரத்தில் உப்புப்போல ஒன்று. ஒரு வாய் விழுங்கிக் கொஞ்ச நேரம் கழித்தும் அது போகாது.

பொறுமைக்கு இன்னொன்று, உன் பட்டியலிலேயே இருக்கிறது: ஹங்கேரியின் டோக்காய் எசென்சியா. பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சைகளைத் தொட்டியில் குவித்து வைத்தால், தங்கள் எடையாலேயே நசுங்கி அடியில் சொட்டும் சாறு அது. லிட்டருக்கு 450 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பதால் ஈஸ்டால் எளிதில் வேலை செய்ய முடியாது. நொதிக்கவே வருஷக்கணக்கில் ஆகும். கோப்பையில் ஊற்றிக் குடிப்பதைவிடக் கரண்டியில் எடுத்துச் சுவைப்பதுதான் அதற்குப் பொருத்தம். உன் பட்டியலில் நான் ருசித்த இரண்டில் ஒன்று இது. ஒரே ஒரு கரண்டி. அத்தனை இனிப்புக்குப் பிறகும் வாய் சுத்தமாக இருந்தது, அந்தப் புளிப்பு அப்படி.

ஆனால் நீ கட்டாயம் சேர்க்க வேண்டியது கொலாரெஸ். போர்ச்சுகலில், லிஸ்பனுக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் கரையில் இருக்கும் ஊரின் ஒயின். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தேன். தோட்டம் என்று சொன்ன இடத்தில் எனக்கு மணல்தான் தெரிந்தது. குனிந்து பார்த்தால், ரமிஸ்கோ என்ற திராட்சையின் கொடிகள் பாம்புபோல மணல்மேல் ஊர்ந்து படுத்திருக்கின்றன. கடற்காற்றுக்குப் பயந்து நிமிர்வதே இல்லை. காய்கள் சூடான மணலில் பட்டுக் கருகாமல் இருக்க, ஒவ்வொரு கொடிக்கும் சின்னச் சின்ன நாணல் குச்சி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மணலுக்குக் கீழே பல அடி ஆழத்தில் களிமண். வேர் அங்கே போய்ச் சேர்ந்தால்தான் கொடி பிழைக்கும். அந்தக் காலத்தில் பள்ளம் தோண்ட இறங்கியவர்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு இறங்குவார்களாம். மணல் சரிந்து மூடினால் மூச்சுவிடக் கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்று.

19ஆம் நூற்றாண்டில் ஃபிலாக்ஸரா பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு தின்றபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் எல்லோரும் தப்பித்தார்கள். கொலாரெஸ் மணலில் அந்தப் பூச்சியால் நகர முடியவில்லை. அதனால் அங்கே கொடிகள் இன்றும் சொந்த வேரில் நிற்கின்றன. பூச்சியால் முடியாததை வீடு கட்டுபவர்கள் செய்துவிட்டார்கள். கடலோரம் முழுக்க விடுமுறை வீடுகள். எஞ்சியிருப்பது சில பத்து ஹெக்டேர்தான். ரொமானே-கோன்டி நீ குடிக்காவிட்டாலும் இருக்கும், கண்ணம்மா. கொலாரெஸை யாராவது கேட்டு வாங்கினால்தான் அடுத்த வருஷமும் ஒருவர் அந்த மணலில் குனிவார். ஓர் உணவகத்தின் ஒயின் பட்டியல் ஒரு நாள் உன் பொறுப்பில் வரும்; அதில் ஒரு வரி இதற்குக் கொடு.

இன்னொன்று மடெய்ராவின் டெர்ரான்டெஸ். விளைச்சல் குறைவு, நோய் சீக்கிரம் பிடிக்கும், அதனால் தீவில் கிட்டத்தட்ட ஒழிந்தே போனது. "டெர்ரான்டெஸ் திராட்சையைத் தின்னாதே, யாருக்கும் கொடுக்காதே, கடவுள் அதை ஒயினுக்கென்றே படைத்தான்" என்று அங்கே ஒரு சொலவடை உண்டு. அந்த முரட்டு இனிப்புக்கும் கசப்புக்கும் எனக்கு இன்னும் சரியான வார்த்தை கிடைக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் கான்ஸ்டான்ஷியாவையும் எழுதிக்கொள். செயின்ட் ஹெலினாவில் சிறையிருந்த நெப்போலியனுக்குப் போனது. பிறகு வழக்கொழிந்து, 1986 அறுவடையில் மறுபடி உயிர் பெற்றது. செத்த ஒயின் திரும்பி வரும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

நான் ஓய்வு பெற்றபோது ஒரு கிளாவ்லான் வாங்கி வைத்தேன். இதுவரை திறக்கவில்லை. அம்மா இரண்டு தடவை கேட்டுவிட்டாள். நீ வருகிற தேதியை ஒரு நாள் முன்னாலேயே சொல்லிவிடு. காலையிலேயே திறந்து வைத்தால்தான் ராத்திரிக்குச் சரியாக வரும். ஃபிரிட்ஜில் வைக்காதே என்று அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்; 15 டிகிரி போதும். ஒரே நாளில் தீர்க்க வேண்டியதில்லை. திறந்த பிறகும் வாரக்கணக்கில் தாங்கும், அதனால் கொஞ்ச நாள் தங்குகிற மாதிரி வா.

அன்புடன்,
அப்பா