முற்பணம் வாங்கியவர்கள் திகதி சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

புதிய வீட்டுக் கணினி வருகிறதென்று விளம்பரம் செய்து, முற்பணம் வாங்கி, பிறகு பொருளும் இல்லை பணமும் இல்லை என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பது மட்டக்களப்பில் வழக்கமாகி வருகிறது. கடையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எனக்கு நடந்ததே வேறு கடைகளில் வேறு ஆட்களுக்கும் நடந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கொம்பியூட்டரும் அடங்கிய வகை அது. வீட்டு ரிவியில் வயரைக் கொழுவினால் போதும், தனித் திரை வாங்கத் தேவையில்லை. லெப்டொப் வாங்க முடியாத குடும்பங்களுக்கு இதைப்போல் உதவியான பொருள் வேறில்லை. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவில் படிக்கும் என் பேத்திக்காக 35,000 ரூபா முற்பணம் கட்டினேன். சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் கையில் கிடைக்கும் என்றார்கள். பிறகு கண்ணகி அம்மன் சடங்கு முடியட்டும் என்றார்கள். ஆடி அமாவாசைக்கு வரும் மாமாங்கத் தீர்த்தமும் முடிந்துவிட்டது.

பேத்தி பைதன் என்ற கணினி மொழி படிக்கிறாள். அந்த மொழியில் வரிகளை எவ்வளவு உள்ளே தள்ளி எழுதுகிறோம் என்பதிலேயே அர்த்தம் மாறிவிடுமாம். கணினி இல்லாததால் சீ.ஆர். கொப்பியில் அடிமட்டம் வைத்துப் பென்சிலால் நெடுங்கோடுகள் கீறி, கோட்டுக்குக் கோடு தள்ளித் தள்ளி எழுதி வைக்கிறாள். எழுதியது சரியா பிழையா என்று சொல்ல ஒரு இயந்திரம் வேண்டும். தாயின் போனில் தட்டிப் பார்ப்பாள். தாய் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். "அம்மப்பா, இண்டைக்குக் கடையில கேட்டீங்களா?" என்று அவள் கேட்பது இப்போது நின்றுவிட்டது. எனக்கு அதுதான் கூடுதலாக வலிக்கிறது.

கடையில் தந்த பற்றுச்சீட்டு என்னிடம் இருக்கிறது. ஒப்படைக்கும் திகதி என்ற இடத்தில் முதலில் எழுதியதை நீலப் பேனையால் வெட்டி, மேலே வேறு திகதி எழுதி, அதையும் வெட்டி, ஓரத்தில் இன்னொன்றை எழுதியிருக்கிறார்கள். எதற்கும் கையொப்பம் இல்லை. நான் ஓய்வுபெற்ற தபாலதிபர். காலையில் கந்தோரைத் திறந்ததும் எங்கள் முதல் வேலை திகதி முத்திரையை மாற்றி, புத்தகத்தில் குத்திப் பார்ப்பது. ஒரு திகதி பிழைத்தால் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும். மக்களின் பணத்துக்குக் கொடுக்கும் கடதாசியில் திகதியை இப்படி வெட்டி விளையாடுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

அந்தக் காலத்தில் வி.பி. பார்சல் என்று ஒரு முறை இருந்ததை மூத்த வாசகர்கள் அறிவார்கள். கொழும்புக் கடைக்குத் தபாலட்டை போட்டால் பொதி எங்கள் கந்தோருக்கு வரும். உரியவர் வந்து காசைக் கட்டி எடுத்துப்போவார். அந்தக் காசை மணியோடராகக் கடைக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. அவர் எடுக்காவிட்டால் பொதி திரும்பிப் போகும். களுவாஞ்சிகுடியில் இருப்பவர் முகம் தெரியாத கொழும்பு வியாபாரியை நம்பி முன்காசு கட்ட வேண்டியிருக்கவில்லை, வியாபாரியும் ஏமாறவில்லை. இன்று கையில் போன், வீட்டில் இணையம், வங்கியில் ஒரு நொடியில் பணமாற்றம். ஆனால் வாங்குகிறவனின் நிலை அன்றைக்கு இருந்ததைவிடக் கீழே போய்விட்டது.

கடையில் சந்தித்த மண்டூர் விவசாயி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரும்போக வேளாண்மை வெட்டி நெல் விற்ற காசில் மகனுக்காகக் கட்டியவர். ஒவ்வொரு முறையும் வாவியைக் கடக்கும் பாதைப் படகில் ஏறிக் குருமண்வெளிக்கு வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து மட்டக்களப்புக்கு வருகிறார். அவர் என்னிடம் சொன்னதை அப்படியே தருகிறேன்: "ஐயா, காசத் தாங்க எண்டா அது கொழும்புக்குப் போயிற்று எண்டுறாங்க. சாமானத் தாங்க எண்டா அது கொழும்புக்கு இன்னும் வரல்ல எண்டுறாங்க." முழு வியாபாரமும் இந்த இரண்டு வசனத்துக்குள் இருக்கிறது. கவுண்டரில் இருக்கும் பிள்ளையைக் கோபித்துப் பயனில்லை. மேலிடத்தில் சொல்லிக் கொடுத்ததை அந்தப் பிள்ளை சொல்கிறது.

புதுக் கணினி பிந்துவது உலகத்தில் புதினமல்ல. இங்கிலாந்தில் சேர் கிளைவ் சின்கிளேயரின் நிறுவனம் 1984 ஜனவரி 12ஆம் திகதி கியூ.எல். என்ற கணினியை 399 பவுண் விலையில் அறிவித்து, 28 நாளில் வீட்டுக்கு வரும் என்று வாக்களித்தது. அறிவித்த அன்று இயந்திரம் முழுதாக உருவாகியிருக்கவே இல்லை. முதல் சில பேருக்கு ஏப்ரல் கடைசியில்தான் கிடைத்தது. அதிலும் உள்ளே வைக்க வேண்டிய மென்பொருள் ஒதுக்கிய இடத்துக்குள் அடங்காமல், பின்பக்கம் ஒரு துண்டு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. பொருள் இல்லாமல் பணத்தை வாங்கி வைத்திருந்ததற்காக அந்நாட்டு விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு அந்த நிறுவனத்தைக் கண்டித்தது. பெயர் பெற்ற நிறுவனத்துக்கு அந்தக் கறை இன்றுவரை போகவில்லை.

2012இல் ராஸ்பெரி பை என்ற 35 டொலர்ச் சிறு கணினியும் பிந்தியது. பெப்ரவரி 29ஆம் திகதி விற்பனை தொடங்கியபோது விநியோகஸ்தர்களின் இணையத்தளங்களே நெரிசலில் படுத்துவிட்டன. அடுத்த வாரமே தொழிற்சாலையில் வலைப்பின்னல் வயர் கொழுவும் இடத்தில் பிழையான வகைப் பாகத்தைப் பொருத்திவிட்டார்கள் என்று தெரிந்தது. தயாரித்தவர்கள் அதை ஒளிக்கவில்லை. எந்தப் பாகம் பிழை, எப்படி மாற்றுகிறோம் என்று எழுதினார்கள். தாமதம் இரண்டிலும் தாமதம்தான், ஆனால் இரண்டாவது கூட்டத்தை மக்கள் மன்னித்தார்கள்.

நாங்களும் பொறுமையில்லாத சனமில்லை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு திண்டாடியபோது எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றோம். காரணம் தெரிந்தது, நின்றோம். இன்றும் நினைவகச் சில்லுகளை எல்லாம் செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் அள்ளிக்கொண்டு போவதால் உலகச் சந்தையில் விலை ஏறியிருப்பது உண்மை. அதைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். ஆனால் விலை ஏறிவிட்டது, முற்பதிவு செய்தவர்களும் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும் என்று போனில் சொன்னார்களே, அதை எப்படி ஏற்பது? எங்கள் பணத்தை மாதக்கணக்கில் வைத்திருந்தவர்கள் அவர்கள். விலை ஏறினால் மட்டும் நட்டம் எங்களுடையதா?

அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலிருந்து தபால்வழி விற்பனைக்கு ஒரு விதி இருக்கிறது. திகதி சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். பிந்துமென்றால் வாங்கியவருக்கு அறிவித்து, காத்திருக்கிறீர்களா, பணத்தைத் திருப்பி எடுக்கிறீர்களா என்று கேட்க வேண்டும். எடுக்கிறேன் என்றால் முழுப் பணமும் கொடுக்க வேண்டும். எங்களிடமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அது தடைசெய்கிறது. ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அதே சட்டத்தில் உண்டு. இங்கேதான் எங்கள் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள். "அடுத்த கிழமை வந்திரும் ஐயா" என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாதத்தைக் கடத்திவிடலாம். முற்பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணுவதா, பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதை அதிகாரசபை பகிரங்கமாக, தமிழில், பத்திரிகையில் அறிவிக்க வேண்டும்.

முற்பணம் வாங்கும் ஒவ்வொரு கடையும் பற்றுச்சீட்டில் ஒரே ஒரு திகதியை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்றும், அந்தத் திகதி தாண்டினால் கேட்ட அன்றே ஒரு சதமும் கழிக்காமல் பணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் அதிகாரசபையிடமிருந்து பணிப்புரை வந்தால் போதும். புதிதாகச் சட்டம் இயற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அதிகாரிகள் கடை கடையாகப் போய் அரிசி விலையும் காலாவதித் திகதியும் பார்க்கிறார்கள். அப்படியே கணினிக் கடைகளுக்குள்ளும் ஏறி, முற்பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கட்டும்.

பற்றுச்சீட்டு வைத்திருக்கும் மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதிகாரசபையின் 1977 என்ற முறைப்பாட்டு இலக்கத்துக்கு அழைத்ததோடு நிற்க வேண்டாம். எழுத்தில் கொடுங்கள், பற்றுச்சீட்டின் பிரதியை இணையுங்கள், மூலத்தை ஒருவரிடமும் கொடுக்காதீர்கள், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். என்னுடைய முறைப்பாட்டை நான் அப்படி அனுப்பிவிட்டேன். மண்டூர்க்காரருக்கும் ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுதத் தெரியாதவர்கள், எழுத நேரமில்லாதவர்கள் களுவாஞ்சிகுடிச் சந்தைப் பக்கம் வந்து ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் வீடு எது என்று கேட்டால் காட்டுவார்கள். பற்றுச்சீட்டைக் கொண்டுவாருங்கள், எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபாலதிபர்,
களுவாஞ்சிகுடி.