முதல் வரியில் எதைப் போடுவது

வெள்ளவத்தை,
சனிக்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு,

நேற்று ஃபோனில், "பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மொறட்டுவையையே முதலாவதாகப் போடுங்கோ அப்பா, வீட்டிலிருந்தே போய் வரலாம்தானே" என்று சொல்லிவிட்டு உடனே அம்மம்மாவிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டாய். சின்ன வயதில் உனக்குப் பிடித்த கேக் துண்டைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு இப்படித்தான் முகத்தைத் திருப்பிக்கொள்வாய். திரும்ப எடுத்துக் கதைத்தாலும் "சரி அப்பா, சரி அப்பா" என்றுதான் சொல்வாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். நெல்லியடியில் ஒரு பின்னேரம் கிணற்றடியில் இருந்து ஆறுதலாக வாசி.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை இந்தக் கிழமை முழுவதும் புரட்டினேன். போன வருடங்களின் வெட்டுப்புள்ளிகளோடு உன் உயர்தரப் பெறுபேற்றின் இசட் புள்ளியை வைத்துப் பார்த்தேன். கொழும்பு மாவட்டத்தில் பொறியியலுக்கு எப்போதும் வெட்டுப்புள்ளி மேலேதான் நிற்கும். திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்டத்துக்கு 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று இடங்களைப் பிரிக்கிறார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் மொறட்டுவைக்கும் உன் புள்ளி போதும், பேராதனைக்கும் போதும். அப்படியென்றால் இரண்டும் கிடைத்த மாதிரித்தான். ஆனால் இரண்டு கடிதம் வந்து, ஆறுதலாக ஒன்றை எடுத்துக்கொள்ளும் வழி எங்கள் நாட்டில் இல்லை. எதை மேலே எழுதுகிறாயோ அதுதான் உன் இடம். அதன் கீழே எழுதியதை ஒருவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அந்த ஒரு வரியை யாருக்காக எழுதுகிறாய் என்பதுதான் என் கவலை.

பெரியப்பாவுக்குக் கனடாவுக்கு அழைத்து உன் முடிவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இரண்டுக்கும் போதுமாமோ?" என்று இரண்டு தரம் கேட்டார். 1971இல் தரப்படுத்தல் வந்தபோது, 400 புள்ளியில் பேராதனைப் பொறியியலுக்குச் சிங்களத்தில் எழுதியவருக்கு 227, தமிழில் எழுதியவருக்கு 250 என்று வைத்தார்கள். அவருக்கு 230. அதன் பிறகு அவர் பொறியியலைப் பற்றி வாய் திறந்ததில்லை. உன் பெறுபேற்றைக் கேட்டு அந்த மனுஷன் அழுததை நான் முதல் தடவையாகக் கேட்டேன். உன்மேல் பாரம் ஏற்ற இதைச் சொல்லவில்லை. இரண்டு வாசல் திறந்து நிற்கும்போது, கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றுக்குள் நுழையாதே என்பதற்காகச் சொல்கிறேன்.

மொறட்டுவையைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்காதே. மொறட்டுவைக் கம்பஸ் இருக்கும் அதே கட்டுபெத்தையில் படித்த பிள்ளை நான். டிகிரி இல்லை, என்.டி.டி. என்கிற தொழில்நுட்ப டிப்ளோமாதான்; ஆனாலும் அந்த மண்தான் எனக்குச் சோறு போட்டது. வேர்க்‌ஷொப்பில் முதல் நாள் ஓர் இரும்புக் கட்டியையும் அரத்தையும் கையில் தந்து, நாலு பக்கமும் மட்டமாக அராவு என்றார்கள். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் மயிரிழை வெளிச்சம்கூட உள்ளே வரக் கூடாது. மூன்று நாள் அராவினேன். இன்றைக்கும் ஒரு சுவரைப் பார்த்தவுடன் அது குத்துக்கு நிற்கிறதா என்று என் கண் சொல்கிறதே, அது அங்கே வந்த கண். 1960இல் தொழில்நுட்பம் பழக்கும் ஒரு நிறுவனமாகத் தொடங்கிய இடம் அது. 1966இல் தொழில்நுட்பக் கல்லூரி ஆகி, 1972இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978இல் தனிப் பல்கலைக்கழகம் ஆனது. கையால் செய்து பார்க்கிற குணம் அதன் அடியிலிருந்தே வந்தது. கம்ப்யூட்டர் பக்கம் போக விரும்பினால், அல்லது எலக்ட்ரோனிக்ஸ்தான் உன் கனவு என்றால், இந்தக் கடிதத்தை இதோடு மடித்து வை. மொறட்டுவையை முதலாவதாகப் போட்டுவிட்டுச் சந்தோஷமாக வா. காலையில் 101 பஸ்ஸில் ஏற்றிவிட நானே காலி வீதிக்கு வருவேன்.

ஆனால் உன் விருப்பம் அதுவென்று எனக்குத் தோன்றவில்லை. ஏனென்று சொல்கிறேன்.

2017 சித்திரை வருடப்பிறப்பன்று மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்தது நினைவிருக்கிறதா? வீட்டில் பொங்கிப் படைத்துவிட்டு இருந்தோம், பின்னேரம் டிவியில் காட்டினார்கள். 32 பேர் போய்விட்டார்கள். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. "இத்தனை நாள் நின்றது இன்றைக்கு மட்டும் ஏன் விழுந்தது?" என்று கேட்டாய். எனக்கு வாயால் விளங்கப்படுத்தத் தெரியவில்லை. அடுத்த நாள் கடற்கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவந்து, குசினி மேசையில் எவர்சில்வர் தட்டை வைத்துக் காய்ந்த மணலைக் கொட்டினேன். ஓர் அளவுக்கு மேல் கூம்பு உயரவில்லை, பக்கத்தால் வழிந்துகொண்டே இருந்தது. பிறகு கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வைத்தேன், செங்குத்தாகச் சுவர்போல நின்றது. நீ கை தட்டினாய். அப்புறம் உன் கையில் தம்ளரைத் தந்து, மேலிருந்து மெல்ல ஊற்றச் சொன்னேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அடியில் ஒரு ஈரக் கோடு வந்தது. பிறகு முன்பக்கம் முழுவதும் ஒரே அடியாகக் கழன்று தட்டுக்கு வெளியே மேசைத்துணியில் விழுந்தது. அம்மா ஏசினா. நீ அசையாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "அப்போ கொஞ்சத் தண்ணீர் பிடித்து வைக்குது, கூடின தண்ணீர் தள்ளி விழுத்துது" என்றாய்.

அந்தக் கிழமை முழுக்க அந்தத் தட்டு உன் கட்டிலுக்குக் கீழே இருந்தது. அதற்குப் பிறகு மலைநாட்டில் எங்கே மண் சரிந்தாலும் பேப்பரை வெட்டி வைத்தாய். 2014இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத்து லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதைப் பற்றி நீ எழுதின ஏழாம் வகுப்புக் கட்டுரை இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. யாரும் சொல்லித் தராமல் உனக்குள் வந்த கேள்வி அது. புள்ளி நல்லாக வந்துவிட்டது என்பதற்காக அதைக் கைவிட்டுவிடாதே பிள்ளை.

மண்ணைப் படிக்க மொறட்டுவையிலும் முடியும். அங்கேயும் நல்ல சிவில் பிரிவு இருக்கிறது, கெட்டிக்கார ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் மழைக்காலத்தில் பேராதனையில், ஹந்தானை மலையின் அடியில் நாலு வருடம் இருந்து படிப்பது வேறு விஷயம். ஜன்னலைத் திறந்தால் சரிவு. வீதி ஓரம் முழுக்கத் தாங்கு சுவர். வகுப்புக்குப் போகும் வழியில் கீழே மகாவலி. அந்த வழியில் அம்மம்மாவின் ஊர்க்காரர் ஒருவர் உனக்கு முன்னமே நடந்து போயிருக்கிறார். பேராசிரியர் அழகையா துரைராஜா, வடமராட்சியைச் சேர்ந்தவர். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கொஃபீல்ட் இருவரோடும் சேர்ந்து 1963இல் களிமண் எப்படி இளகிக் கொடுக்கிறது என்று எழுதிய ஆய்வை மண் இயக்கவியல் படிப்பவர்கள் இன்றும் தொடாமல் போக முடியாது. அப்படிப்பட்டவர் திரும்பி வந்து பேராதனையில் படிப்பித்தார், பொறியியல் பீடாதிபதியாக இருந்தார். பிறகு 1988இல், அந்தப் பொல்லாத காலத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றுப் பல வருடம் அங்கேயே இருந்தார். நெல்லியடிச் சந்தியில் வயதானவர்கள் யாரிடமாவது அவர் பெயரைச் சொல்லிப் பார், எப்படிப் பேசுகிறார்கள் என்று கேள்.

இங்கே உன் மாமா, மாடிவீட்டு அன்ரி, டியூஷன் சேர் எல்லாரும் ஒரே குரலில் மொறட்டுவை என்கிறார்கள். வெட்டுப்புள்ளி கூடின இடம்தான் நல்ல இடம் என்பது அவர்கள் கணக்கு. வெட்டுப்புள்ளி காட்டுவது எத்தனை பேர் ஆசைப்பட்டார்கள் என்பதை. கொழும்புக்குக் கிட்ட, கம்பனிகளுக்குக் கிட்ட, ட்ரெயினிங்குக்கு ஓடிப் போகலாம், இதெல்லாம் அந்த ஆசைக்குள் இருக்கிறது. அதில் தப்பில்லை. வேலைத்தளங்களில் முப்பது வருடம் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளோடும் நின்றிருக்கிறேன். தேத்தண்ணி நேரத்தில் 'பேரா'வும் 'மொறட்டுவ'வும் ஆளை ஆள் சீண்டுவார்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான்: பேராதனைப் பிள்ளைக்கு அம்பாறையிலும் மாத்தறையிலும் மன்னாரிலும் ஃபோன் எடுக்க ஓர் ஆள் இருப்பான், ஏனென்றால் நாலு வருடம் ஒரே விடுதியில் உருண்டவர்கள். நீ பிறந்ததிலிருந்து காலி வீதியை விட்டு வெளியே அதிகம் இருந்ததில்லை. அது உனக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் பயத்தையும் மறைக்கக் கூடாது. 1997இல் பேராதனையில் முதல் வருடம் படித்த ஒரு தமிழ்ப் பிள்ளை பகிடிவதையால் (ராகிங்) செத்துப்போனதை அவ மறக்கவில்லை, நானும் மறக்கவில்லை. அடுத்த வருடம்தான் பகிடிவதையைக் குற்றமாக்கி, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. சட்டம் வந்ததால் எல்லாம் நின்றுவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சொல் எல்லாக் கம்பஸிலும் கேட்கிறதுதான். யாராவது உன்னைத் தொட்டாலோ, அவமானப்படுத்தினாலோ, ராத்திரி எத்தனை மணி என்று பார்க்காமல் எனக்கு எடு. விடிய வெளிக்கிடுகிற பொடி மெனிக்கே ரயிலில் ஏறி நான் அங்கே நிற்பேன். இதை வெறும் பேச்சுக்குச் சொல்லவில்லை. அம்மாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பேராதனைக் கம்பஸில் இருக்கும் குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு எத்தனை படி ஏற வேண்டும் என்று கேட்டா.

இனிக் காசு. உன் மனதில் இதுதான் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். படிப்பு இலவசம், அது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மிச்சம் சாப்பாடும், விடுதி கிடைக்காத வருடத்தில் போடிங் காசும், போக்குவரத்தும். என் பென்சனையும் அம்மாவின் சீட்டையும் வைத்து எழுதிப் பார்த்தோம். இறுக்கமாகத்தான் இருக்கும், ஆனால் முடியும். மஹாபொல உதவித்தொகை கிடைத்தால் இன்னும் லேசு. தம்பியின் டியூஷன் காசில் கை வைக்க மாட்டோம், அதனால் அவனுக்காகவும் நீ விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அம்மாவின் முழங்கால் வலிக்கு மருந்து இருக்கிறது. சந்தைக்குப் போக நான் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் கவனத்தில் வை. எங்கே போனாலும் சிவில் உடனே கையில் கிடைக்காது. இரண்டு இடத்திலும் தொடக்கம் எல்லாருக்கும் பொது, பிறகு புள்ளியையும் விருப்பத்தையும் பார்த்துத்தான் துறை பிரிப்பார்கள். தொடக்கத்திலேயே விட்டுவிட்டால் பிறகு எட்டிப் பிடிப்பது கஷ்டம். அதோடு எல்லாம் ஆங்கிலத்தில். நீ தமிழில் படித்தவள். முதல் சில கிழமை ஒன்றும் விளங்காமல் அழுகை வரும், எனக்கும் வந்தது. அந்த நேரத்தில் ஃபோன் எடுக்காமல் விடாதே.

நான் பேராதனைப் பக்கம் சாய்ந்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக அதை எழுதினால், வீட்டுக்காக மொறட்டுவையை எழுதுவதும் அதுவும் ஒன்றுதான். கிணற்றடியில் இருந்து யோசி. மொறட்டுவைதான் வேண்டும் என்று உன் மனது சொன்னால் ஏனென்று எனக்குச் சொல்லு. அதில் அம்மாவின் பெயரும் என் பெயரும் வராத ஒரு காரணம் இருந்தால் போதும், மறுபேச்சுப் பேச மாட்டேன்.

புதன்கிழமை இரவு பஸ்ஸில் வெளிக்கிடு. ஜன்னல் சீட் எடு, ஸ்வெட்டரைப் பையின் மேலே வை, ஏசிக் குளிர் அதிகம். அம்மம்மா ஒடியல் மா தந்தால் இரண்டு பைக்குள் போட்டுக் கட்டு, போன தடவை உன் உடுப்பெல்லாம் மாவாகிவிட்டது. அவவின் கண் மருந்து முடிந்துவிட்டதா என்றும் பார்த்து வா.

பழைய கொப்பி ஒன்றில் கோடு போட்டு விருப்பத் தெரிவு வரிசையை எழுதத் தொடங்கியிருக்கிறேன். மூன்றாவது வரியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீடம், நாலாவதில் ருஹுணு. மேலே இரண்டு வரி வெறுமையாக இருக்கிறது. பென்சிலைக் கொப்பிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா