டைல்ஸ் தரையும் எங்க வீட்டு சீசரும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாய்க்கு என்ன சாப்பாடு போடணும், எப்ப ஊசி போடணும்னு நம்ம பேப்பர்கள்ல அடிக்கடி வருது, ஆனா அது நாள் பூரா நிக்கிற தரையைப் பத்தி யாரும் எழுதி நான் பாத்ததில்ல, அதான் இந்த லெட்டர்.

எங்க வீட்ல ஒரு லாப்ரடார், பேரு சீசர், நாலு வயசு. ரெண்டு வருஷம் முன்னாடி புது ஃப்ளாட்டுக்கு வந்தோம், ஹால் முழுக்க பளபளன்னு விட்ரிஃபைட் டைல்ஸ், வர்றவங்கெல்லாம் முகமே பாத்துக்கலாம் போலன்னாங்க, எனக்கும் பெருமைதான். காலிங் பெல் அடிச்சா சீசர் பாய்வான், திரும்புற இடத்துல பின்னங்கால் ரெண்டும் தவளை மாதிரி விரிஞ்சு சோபா வரைக்கும் சறுக்கிட்டுப் போவான், நாங்க அதை வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டுச் சிரிச்சோம். இப்ப நெனச்சா வயிறு எரியுது. கொஞ்ச நாள்ல ஓட்டமே நின்னுச்சு. ஒரு மிதியடியில இருந்து அடுத்த மிதியடிக்குத் தாவுவான், இல்லேன்னா சுவரோரமாவே போவான், படி ஏறினா முயல் மாதிரி பின்னங்கால் ரெண்டையும் சேர்த்துத் தூக்கி வைப்பான். வெயிட் போட்டுட்டான்னு சாப்பாட்டைக் குறைச்சோம், பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு கால்சியம் டானிக் வேற.

முதல்ல பாத்த டாக்டர் வலிக்கு ஊசி போட்டு அனுப்பிட்டார். ரெண்டாவது டாக்டர்தான் கேட்டார், "வீட்ல என்ன தரைங்க?"

நாய் பாதத்தோட நகத்தையும் ஊனித்தான் பிடிமானம் எடுக்குமாம், மண்ணுல நகம் இறங்கும், டைல்ஸ்ல எங்க இறங்குறது. வழுக்காம இருக்க தொடை உள்பக்கத்தையும் இடுப்பையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே நடக்கும், அதுல தசை பிடிச்சுக்கும், வலிக்குதுன்னு நடமாட்டம் குறையும், நடக்கலேன்னா தசை சூம்பிடும், அப்புறம் மூட்டைத் தாங்க என்ன இருக்கு? லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டுக்கெல்லாம் இடுப்பு மூட்டுத் தளர்வு பரம்பரையாவே வரும், அதனால பழி முழுக்க டைல்ஸ் மேலன்னு நான் சொல்லல. ஆனா நார்வேல லாப்ரடார் உட்பட நாலு பெரிய ஜாதி நாய்ங்களை வச்சு 2012ல ஒரு ஆய்வு வந்துச்சு, மூணு மாசம் ஆகுறதுக்குள்ள தினம் மாடிப்படி ஏறி இறங்கின குட்டிங்களுக்கு இடுப்புக் கோளாறு அதிகம், வெளிய மெத்துன்னு இருக்குற தரையில அவுத்துவிட்டு வளர்ந்ததுக்குக் கம்மி.

நாங்க செஞ்சது பெருசா ஒண்ணுமில்ல, மாட்டுக் கொட்டகைக்குப் போடுற ரப்பர் மேட் வாங்கி அவன் போற வழியில போட்டோம், பாதம் தரையில நல்லாப் பதியட்டும்னு நீண்ட நகத்தை வெட்டி, விரலிடுக்கு முடியையும் கத்தரிச்சு விட்டோம். ஹால் அழகெல்லாம் போச்சு. ஆனா சீசர் இப்ப ஒரே மூச்சுல எந்திரிக்கிறான். முழுசா சரியாகல, டாக்டரும் அப்படி சொல்லல.

இப்ப பிரச்சனை வெளியதான். எங்க அபார்ட்மென்ட்ல நடக்குற இடமெல்லாம் சிமென்ட் பேவர் பிளாக், இருக்குற ஒரே புல்தரையில "நாய்களுக்கு அனுமதி இல்லை"ன்னு போர்டு. மே மாச தார் ரோட்டுல புறங்கையை வச்சுப் பாருங்க, ஏழு செகண்ட் தாங்கலேன்னா நாய் பாதமும் தாங்காது. பீச்சுக்குப் போனா காஞ்ச மணல்ல கால் புதைஞ்சு புதைஞ்சு இழுக்கணும், வலியுள்ள நாய்க்கு அது தண்டனை, அலையோர ஈர மணல்னா பரவால்ல, ஆனா தினமும் முடியுமா?

நாய் போனதை அள்ளாம போறவங்க மேல எனக்கும் கோவம்தான், போர்டு வந்ததே அவங்களாலதான். அதுக்காக எல்லா நாயையும் விரட்டணுமா? விலங்கு நல வாரியமே 2015 வழிகாட்டுதல்ல பார்க்குல நாயை ஒரேடியா தடை பண்ணாம பேசி நேரம் வச்சுக்கலாம்னு சொல்லியிருக்கு. காலைல அஞ்சரைல இருந்து ஆறரை வரைக்கும் அந்தப் புல்தரையை விட்டாப் போதும். எங்க அசோசியேஷன் ஆபீஸ்ல உங்க பேப்பர்தான் வாங்குறாங்க, அதனால இதை எப்படியாவது போட்டுடுங்க சார். அள்ளுற கவரை நானே கொண்டு வர்றேன்.

இப்படிக்கு,
சீசர் வீட்டுக்காரர், மேடவாக்கம், சென்னை